பக்ஷி போசன பீட விசாரம்

யாழ்ப்பாணத்து வீடொன்றின் கோடிப்புறத்திலே, கிளுவை வேலிக்கும் குசினிக்கும் இடைப்பட்ட நிலத்தில், பறவைகள் வந்து உண்டு செல்வதற்கென மரத்தினால் ஒரு பீடம் நிர்மாணிப்பது எங்ஙனம் என்னும் விஷயம், மேலோட்டமாக நோக்குவார்க்கு நாலு பலகையும் ஒரு பிடி ஆணியும் சம்பந்தப்பட்ட அற்ப காரியமாகத் தோன்றுமாயினும், சைவசித்தாந்திகள் கைக்கொள்ளும் காட்சி, கருதல், உரை என்னும் மூவகைப் பிரமாணங்களாலும் ஆராயுமிடத்து, பாதி தச்சு சாஸ்திரமாகவும் பாதி தர்ம சாஸ்திரமாகவும் விரியக் காண்கிறோம்.

முதற்கண் உரைப் பிரமாணம். இத்துறையில் முதன்மை தமக்கே உரியதென்பர் மேனாட்டார். 1825-ஆம் ஆண்டிலே, அதாவது நல்லூரில் ஆறுமுக நாவலர் ஏடு தொடக்காத குழந்தையாய் இருந்த காலத்திலே, இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் பிரீமன் டொவஸ்டன் என்பார் விளிம்பு வைத்த மரத்தொட்டியில் இரை இட்டு, அதன்மேல் பறவைகள் அமர்வதற்கான தண்டுகளை மரங்களுக்கிடையே கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டு, குளிர்காலத்து ஒரே நாளில் 23 இனப் பறவைகளை வரவழைத்தார் என்பது அவர்தம் சரித்திரம். அத்தொகையை யாம் மறுக்கவில்லை. ஆயினும், காகம் கரைந்த பலனாலேயே பிரிந்த தலைவன் மீண்டான் என்று கொண்டு, அதற்கு நெய்ச்சோற்றை ஏழு கலத்தில் ஏந்தி வைப்பினும் அது சிறிதே எனத் தோழி கூறுவதாகப் பாடிக் காக்கைபாடினியார் என்னும் பெயரும் பெற்ற நச்செள்ளையாரைக் குறுந்தொகையின் 210-ஆம் செய்யுளிற் காணும் நாம், டொவஸ்டனாரின் தொட்டி எத்தனை கலம் கொண்டது என்று வினவாதிருத்தல் இயலாது.

இனி மரம். பனையின் வைரம் பாய்ந்த சிலாகை காலத்தை வெல்லும். ஆனால் துறப்பணத்தால் முன்னரே துளையிடாவிடில் ஆணியையும் வெல்லும். வேம்பைக் கறையான் எளிதில் அண்டாது என்பது யாவரும் அறிந்ததே. பூவரசு இழைப்பதற்கு இணக்கமானதெனினும், அதன் பச்சைக் கதியாலை ஊன்றி அதன்மேல் பலகை அறைவோர், மாரி பிறந்ததும் அது வேர்விட்டுத் தளிர்க்குமென்பதையும், காலக்கிரமத்திற் பீடம் மறைந்து மரமே எஞ்சுமென்பதையும், மரம் பறவைகளுக்கு முன்னரே இருந்த வசதியென்பதையும் சிந்தித்தல் வேண்டும்.

காற்று மரத்தினும் கடினமான அதிகாரம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தட்டிலிட்ட தினையையும் குரக்கனையும் அயலார் வளவிற் சேர்ப்பித்துவிடுமாதலால் அத்திசையை அடைக்க வேண்டும். வடகிழக்கு வாடை மழையைக் கொண்டுவருமாதலால் அதனையும் அடைக்க வேண்டும். மேற்கே கச்சானும் கிழக்கே கொண்டலும் இவ்வண்ணமே தத்தம் நியாயங்களை எடுத்துரைப்பதால், எல்லாவற்றுக்கும் மரியாதை செய்து நாற்புறமும் பலகை அறைந்தால், கைக்கு வருவது நல்லதொரு பெட்டகம்.

இவ்வளவும் பூர்வபக்ஷமே, சித்தாந்தம் காகத்திலிருந்து தொடங்குகிறது. அடைக்கலக்குருவிக்கும் மைனாவுக்கும் புலுனிக் கூட்டத்துக்கும் என்று வைக்கப்பட்ட உணவு, அவை வேலியிலிருந்து இறங்குமுன்னரே காகத்தின் வயிற்றை அடைவது காட்சிப் பிரமாணம். அதன் உடல் நுழையாதவாறு பெட்டகத்தின் வாயிலை நான்கு விரற்கடை உயரத்துக்குக் குறுக்கினால் காகம் விலகுமென்பது கருதல் அளவை. ஆனால் உடல் நுழையாவிடத்தும் கழுத்து நுழையுமாதலால், தானியத்தை வாயிலிலிருந்து ஒரு சாணுக்கு அப்பால் உள்ளே தள்ளி வைத்தல் அவசியம். சிறு பறவைகளுக்கு இதில் இடர் இல்லை, புறாவுக்கு உண்டு. அது உள்ளே புகாது நிலத்தில் சிந்தியதைப் பொறுக்கிக்கொள்ளும். சுபாவத்திலேயே அதற்கு நிலந்தான் விருப்பம்.

இவ்வாறு காகப் பிரச்சினை தீர்ந்ததாக யாம் எழுதி முடிக்கையில், பீடத்தைச் சுற்றிவந்து பார்த்த ஆச்சி, “காகம் சாப்பிட ஏலாத தட்டு என்னத்துக்கடா தம்பி? புரட்டாதிச் சனிக்கு எங்கை சோறு வைக்கிறது?” என்று வினவினார். வினா ஒன்றே, அதிற் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. சனீஸ்வரனின் வாகனமாகவும் பிதிரர் சார்பில் வருவதாகவும் கொள்ளப்படும் ஒரு பக்ஷியை, கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வரும் குடும்பத்தாரே நான்கு விரற்கடை வாயில் வைத்துத் தடுப்பது எந்த ஆகமத்துக்கு ஒக்கும்?

ஆகவே கூரையே காகத்துக்கு எனத் தீர்மானிக்கப்பட்டது. கீழ்த்தளத்திற் குருவிகள், மேல்தளத்தில் வாழையிலைத் துண்டும் விரதச் சோறும். கூரையைச் சரிவாக அமைத்தால் மழைநீரோடு சோறும் வடியும். மட்டமாக அமைத்தால் சோற்றோடு கார்த்திகை வெள்ளமும் தங்கும். தச்சாசாரியார் முழத்துக்கு ஒரு விரற்கடை சரிவு கொடுத்து, தாழ்ந்த ஓரத்தில் மரவிளிம்பு வைத்து, அதில் நீர் வடியத் துளைகளும் இட்டார். டொவஸ்டனாரின் தொட்டிக்கும் விளிம்பு இருந்தது என்பதை இவ்விடத்தில் அடக்கத்தோடு குறிப்பிடுகிறோம்.

எஞ்சியது அணில். இராமேசுவரத்திலிருந்து நம் தீவுக்குச் சேது கட்டியபோது மணல் சுமந்த கூலி இன்னும் தீரவில்லை என்ற பாவனையில் அது கீழ்த்தளத்திலேயே வாசம் செய்கிறது. தென்னையில் எலிக்குச் சுற்றும் தகரத்தை ஆதாரக் காலிற் சுற்றிப் பார்த்தும், பக்கத்து முருங்கையிலிருந்து நேரே பாய்ந்துவிடுகிறது. முருங்கையை வெட்டிவிடலாம் என்று யாம் சமர்ப்பித்த பிரேரணை குசினியில் விவாதமின்றி நிராகரிக்கப்பட்டது.