உங்கள் வண்டிக்கு இன்னும் வயது போதாது

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டிக்கு சஸ்பென்ஷன் சாமான் தேடுகிறவர் கம்பெனியின் இணையதளத்தில் முதலில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒன்றில் வருஷம், அடுத்ததில் கம்பெனி, மூன்றாவதில் மாடல். நிரப்பினால் சாமான் பட்டியல் விரியும். ஆனால் சில தளங்களில் வருஷக் கட்டத்தை அமுக்கிக் கீழே இறங்கினால் 2010 வருகிறது, 2004 வருகிறது, 1999 வந்ததும் பட்டியல் நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் உலகத்தில் வருஷங்களே இருந்ததில்லை என்பது அந்தக் கட்டத்தின் கருத்து.

1995 மாடல் ஃபோர்டு எஃப்-150 வைத்திருக்கும் ஓர் ஒஹாயோக்காரரைக் கற்பனை செய்துகொள்ளலாம். ரொம்ப மெனக்கெட வேண்டாம், தேடினால் ஊருக்கு நாலு பேர் நிஜமாகவே கிடைப்பார்கள். ஃபோர்டின் எஃப் வரிசைதான் 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப். 1995-இல் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. அவ்வளவு வண்டிகள் ஓடிய நாட்டில் அதற்கு ஒரு ஜோடி ஸ்பிரிங் கிடைக்காது என்று அவர் எப்படி நினைப்பார்?

அவருடைய வண்டிக்கு அடியில் இருப்பது லேசுப்பட்ட சமாச்சாரம் அல்ல. 1965-இல் ஃபோர்டு தன் பிக்கப்களின் முன்பக்கத்துக்கு ட்வின் ஐ-பீம் என்றொரு அமைப்பைக் கொண்டுவந்தது. 1980-இல் அதையே நாலு சக்கர இயக்கத்துக்கும் நீட்டி ட்வின் டிராக்ஷன் பீம் என்றது. முன் ஆக்ஸிலை இரண்டாக வெட்டி, இடது சக்கரத்தின் பாதியை வலப்பக்கச் சட்டத்திலும் வலது சக்கரத்தின் பாதியை இடப்பக்கச் சட்டத்திலும் கீல் போட்டு மாட்டியிருப்பார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், யாரோ கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலிருக்கும். ரொம்ப உறுதி. பாலைவன ரேஸ்காரர்களுக்கு இதன் மேல் தனிப் பிரியம். 1996 மாடலோடு எஃப்-150 இதைக் கைகழுவிவிட்டு வேறு அமைப்புக்கு மாறியது.

பிக்கப்காரர்கள் பலர் செய்கிறபடி இந்த அமைப்பில் வண்டியை நாலு அங்குலம் உயர்த்த வேண்டுமானால், உயரமான சுருள் ஸ்பிரிங் மட்டும் போட்டால் போதாது. கீல் இருக்கும் இடங்களையும் அதே அளவு கீழே இறக்க வேண்டும். அதற்குத் தனி பிராக்கெட்டுகள். ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்தும் ரேடியஸ் ஆர்முக்கு இன்னொரு ஜோடி. ஸ்டீயரிங்குக்கு இறக்கமான பிட்மன் ஆர்ம். இத்தனையும் சேர்ந்ததுதான் லிஃப்ட் கிட். பிராக்கெட் இல்லாமல் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் இரண்டு முன்சக்கரங்களும் மேலே அகன்று கீழே குறுகி நிற்கும். அப்புறம் டயர் கடைக்காரர் வண்டிக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

நம் ஃபோர்டுக்காரர் அந்தக் காலத்திலேயே கிட் வாங்கி மாட்டியவர். பளபளப்பான கேட்லாக்கில் அவருடைய வண்டிக்கென்றே இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒஹாயோவின் குளிர்காலங்கள் ஒவ்வொன்றும் தார்ச்சாலையில் உப்பைக் கொட்டின. உப்பு பனியையும் கரைத்தது, பிராக்கெட்டையும் கரைத்தது. பனி தள்ளும் கலப்பையை வருஷாவருஷம் முன்னால் கட்டித் தொங்கவிட்டதில் ஸ்பிரிங்குகளும் உட்கார்ந்துவிட்டன. கிட் வாங்கிய அதே கம்பெனிக்குப் போன் போட்டார்.

"என்ன வண்டி சார்?"

"எஃப்-150, நாலு சக்கர இயக்கம், 95."

"2015-ங்களா சார்?"

"1995."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுக்கு என்ன மாதிரி சஸ்பென்ஷன் வரும் சார்?"

ஃபோர்டுக்காரர் விளக்கினார். பையன் மரியாதையாகக் கேட்டான். பிறகு சங்கீதம் போட்டுக் காக்க வைத்தான். திரும்பி வந்து சொன்னான்: "அது தெரிஞ்சவர் ஒருத்தர் எங்ககிட்ட இருந்தார் சார். ரிடையர் ஆகிட்டார்."

விசாரணை அதோடு முடியவில்லை. அந்த கிட் மூன்று பெட்டிகளில் வருமாம். ஸ்பிரிங் இருக்கும் பெட்டி நிறுத்தப்பட்டுவிட்டது. பிராக்கெட் இருக்கும் பெட்டி 'தற்காலிகமாக ஸ்டாக் இல்லை' என்ற நிலையில் நெடுங்காலமாக இருக்கிறது. போல்ட்டும் நட்டும் செயல்முறைக் காகிதமும் இருக்கும் மூன்றாவது பெட்டி மட்டும் தாராளமாகக் கிடைக்கும். "அனுப்பிடட்டுமா சார்?"

கம்பெனிக்காரர்கள் தரப்பில் நியாயமே இல்லாவிட்டால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவர்கள் தரப்பிலும் நியாயம் இருப்பதுதான் எரிச்சல். ஸ்பிரிங்கை யாரும் ஒன்றிரண்டாகச் செய்ய மாட்டார்கள். கம்பி சுருட்டும் எந்திரத்தை ஓர் அளவுக்குத் திருத்தி அமைத்தால் ஒரு பெருந்தொகுதியாகச் சுருட்டி, சூடேற்றிப் பதப்படுத்தி எடுத்தால்தான் கட்டுப்படியாகும். அந்தத் தொகுதி விற்கும்வரை கோடவுனில் இடம் அடைக்கும். வருஷத்துக்குப் பத்துப் பேர் கேட்கும் சாமானும் பத்தாயிரம் பேர் கேட்கும் சாமானும் ஒரே அளவு அலமாரியைத்தான் பிடிக்கின்றன.

புது வண்டிகளின் கதை வேறு. புது பிக்கப் வாங்குகிறவர்களில் பலர் ஷோரூமிலேயே வண்டியை உயர்த்தி, லிஃப்ட் கிட் விலையையும் வண்டிக் கடனோடு சேர்த்து மாதத் தவணையில் கட்டிவிடுகிறார்கள். 2012 மாடலிலிருந்து வண்டி சறுக்காமல் காக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் அமெரிக்காவில் கட்டாயம். கிட் மாட்டிய பிறகும் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. என்ஜினியர்களின் நேரமெல்லாம் அதில் போகிறது. வருஷா வருஷம் நவம்பரில் லாஸ் வேகஸில் நடக்கும் சீமா வாகனச் சாமான் கண்காட்சியில், இன்னும் பிளாஸ்டிக் வாசனை போகாத புது பிக்கப்பைத்தான் மேடையேற்ற வேண்டும். 1995 எஃப்-150-ஐ ஏற்றினால் துடைத்துவிட யாராவது துணியோடு வந்துவிடுவார்கள்.

போதாததற்குக் கம்பெனிகளே கை மாறிக்கொண்டிருக்கின்றன. 2014-இல் ஷாக் அப்சார்பர் தயாரிக்கும் ஃபாக்ஸ் ஃபேக்டரி, லிஃப்ட் கிட் செய்யும் பி.டி.எஸ். சஸ்பென்ஷனின் தாய்க் கம்பெனியை வாங்கியது. 2016-இல் பொலாரிஸ் என்ற கம்பெனி, ப்ரோ காம்ப் போன்ற பிராண்டுகளையும் ஃபோர் வீல் பார்ட்ஸ் கடைகளையும் வைத்திருந்த நிறுவனத்தை 66.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2022-இல் அதை வீல் ப்ரோஸ் என்ற கம்பெனியின் தலையில் கட்டியது. வீல் ப்ரோஸ் தன் பெயரை ஹூனிகன் என்று மாற்றிக்கொண்டு 2024 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படி ஏறியது. எந்தத் தொழிலிலும் முதலாளி மாறினால் கையில் பட்டியலோடு ஒரு கணக்காளர் கோடவுனுக்குள் நுழைவார். அவருக்கு ஸ்பிரிங் எது, ஷாக் அப்சார்பர் எது என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. எது தூசி படிந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். பழைய வண்டி, சாமான் இல்லை, சரி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் 1969 ஃபோர்டு பிரான்கோ வைத்திருக்கிறார். அதற்கு எல்லாம் கிடைக்கிறது. ஸ்பிரிங் கிடைக்கிறது, ஷாக் கிடைக்கிறது, கதவு ரப்பர் கிடைக்கிறது. டைனாகார்ன் என்ற கம்பெனி ஃபோர்டின் அனுமதியோடு முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறது. வண்டியே இல்லாதவர்கூட கேட்லாக்கைப் பார்த்து ஒரு 1969 பிரான்கோவைக் கட்டிவிடலாம். இத்தனைக்கும் 1966 முதல் 1977 வரை பன்னிரண்டு வருஷத்தில் வந்த பிரான்கோக்கள் மொத்தம் சுமார் 2.25 லட்சம்தான். நம்மவரின் எஃப் வரிசை 1995-இல் ஒரே வருஷத்தில் விற்றதில் பாதிகூட இல்லை.

ஆக, எத்தனை வண்டி ஓடுகிறது என்பது கணக்கில்லை, எந்த வயதில் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. வயது குறைவாக இருக்கும்வரை வண்டிக்குச் சாமான் உண்டு, ஏனென்றால் அது புதுசு. ஐம்பது வயதானாலும் உண்டு, ஏனென்றால் அது பொக்கிஷம். சின்ன வயதில் அதை ஏக்கத்தோடு பார்த்தவர்கள் இப்போது கையில் காசோடு ஓய்வு பெற்றிருக்கிறார்கள். 1973 முதல் 1987 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸின் சதுரமூஞ்சி பிக்கப்களும் இப்போது அந்தப் பக்கம் கரையேறிவிட்டன. விலையும் ஏறிவிட்டது, உதிரி பாகங்களும் பெருகிவிட்டன. இரண்டு கரைக்கும் நடுவே, வேலைக்குப் போய்க்கொண்டு, செங்கல் சுமந்துகொண்டு ஓடும் வண்டிக்குத்தான் திண்டாட்டம். 2024 கணக்குப்படி அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்கள், பிக்கப்களின் சராசரி வயதே 12.6. நாடே கிழட்டு வண்டியில்தான் போய்வருகிறது, கேட்லாக் மட்டும் இளமையாக இருக்கிறது.

இந்த அநியாயம் ஒரே வண்டிக்குள் குடியிருப்பதும் உண்டு. ஜீப் கம்பெனி 1986 முதல் 1992 வரை கமாஞ்சி என்றொரு பிக்கப் விற்றது. அதன் முன்பாதி அப்படியே ஜீப் செரோக்கி. செரோக்கியோ 1984 முதல் 2001 வரை முன் சஸ்பென்ஷனை மாற்றாமல் லட்சக்கணக்கில் வந்த வண்டி. ஆகவே கமாஞ்சியின் முன்பக்கத்துக்கு எந்த உயரத்தில் கேட்டாலும் ஸ்பிரிங் உண்டு. பின்பக்கத்துக்குத்தான் நாதியில்லை. அங்கே இருப்பது லீஃப் ஸ்பிரிங், நம் லாரிப் பட்டறைகளின் கமான் பட்டை. செரோக்கியில் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும். கமாஞ்சியில் பட்டை நீளமானது, ஆக்ஸிலுக்குக் கீழே போகும். செரோக்கியின் பின்பக்கக் கிட் இதற்கு ஆகாது. கமாஞ்சிக்காரர் முன்பாதிக்குப் பணம் கட்டிவிட்டு, பின்பாதிக்கு வெல்டிங் மிஷினைத் தேடிப் போகிறார். ஆக்ஸிலைக் கழற்றிப் பட்டைக்கு அடியில் கொண்டுபோய் மாட்டிவிட்டால் ஒரேயடியாக ஐந்தாறு அங்குலம் உயர்ந்துவிடும். அவருக்கு வேண்டியது மூன்று அங்குலம். மிச்சம் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஈடாக முன்பக்கத்துக்கு இன்னும் உயரமான ஸ்பிரிங் வாங்குகிறார். அதுதான் தாராளமாகக் கிடைக்கிறதே!

அனுபவசாலிகள் வேறு வழிகளும் கண்டுவைத்திருக்கிறார்கள். ஒன்று, பெயர் மாற்றிக் கேட்பது. 1996 முதல் 2000 வரை வந்த இசுசு ஹோம்ப்ரே பிக்கப்புக்கு என்று கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். அது ஜெனரல் மோட்டார்ஸ் செய்துகொடுத்த வண்டி, உள்ளே இருப்பது செவர்லே எஸ்-10 என்று தெரிந்தவர், எஸ்-10 சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். 1994-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற மாஸ்டா பி வரிசைக்காரர் ஃபோர்டு ரேஞ்சர் என்று சொல்லிவிட வேண்டும். மாஸ்டா என்று உண்மை பேசினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இன்னொன்று, காயலான் கடை. அங்கே ஸ்பேனரை நாமே எடுத்துப் போய், வேண்டியதை நாமே கழற்றி வரும் கடைகள் உண்டு. ஃபோர்டுக்காரர் ஒரு சனிக்கிழமை போனார். அங்கே அவருக்கு முன்பே இரண்டு பேர் ஒரு பழைய எஃப்-250-க்கு அடியில் படுத்திருந்தார்கள். தன்னைப் போல ஃபோர்டுக்காரர்கள் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தார். ஒருவர் டொயோட்டாக்காரர், மற்றவர் ஜீப்காரர். எஃப்-250-இல் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் கூண்டு ரொம்ப உறுதியானது. அதைக் கழற்றித் தங்கள் வண்டிச் சட்டத்தில் வெல்டு வைத்துக்கொள்வது அவர்கள் மத்தியில் பழைய வழக்கம். பழைய செவர்லே பிக்கப்களின் 63 அங்குலப் பின்பட்டைகளுக்கும் இப்படித்தான் ஊர்ப்பட்ட கிராக்கி; கேட்கிறவர்களில் செவர்லே வைத்திருப்பவர்கள் குறைவு. ஃபோர்டு சாமானுக்கு ஃபோர்டுக்காரர் மூன்றாவதாக வரிசையில் நின்றார்.

கலிபோர்னியாவில் சில சின்னப் பட்டறைகள் ட்வின் டிராக்ஷன் பீமுக்கு இன்னமும் சாமான் செய்கின்றன என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. போன் போட்டார். இந்த முறை மறுமுனையில் பேசியவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பீம், கீல், பிராக்கெட் என்று அவரே அடுக்கினார். கடைசியில், பாலைவனத்தில் எவ்வளவு வேகத்தில் குதிப்பீர்கள், தரைக்கு மேல் எவ்வளவு உயரம் பறக்கும் என்று கேட்டார். பனி தள்ளும் கலப்பை என்றதும் மறுமுனையில் பழைய மௌனம். அவரிடம் இருந்த சாமானை மாட்டினால் வண்டி மணல்மேட்டிலிருந்து பறந்து அலுங்காமல் இறங்கும், ஒஹாயோவில் மணல்மேடு வாங்குவதுதான் பாக்கி.

இந்த நிலையில்தான் மாநில அரசு கைகொடுத்தது. ஒஹாயோவில் 25 வயது தாண்டிய வண்டிக்கு 'வரலாற்று வாகனம்' என்று தனி நம்பர் பிளேட் வாங்கலாம். சாமான் விற்கிறவர்கள் மறந்துவிட்ட வண்டியைச் சரித்திரமாவது ஏற்றுக்கொள்கிறதே என்று விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த பிளேட் மாட்டினால் அன்றாடப் போக்குவரத்துக்கு வண்டியை எடுக்கக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், ஊர்வலத்தில் போகலாம், சங்க நிகழ்ச்சிக்குப் போகலாம். அவை தவிர, பழுது பார்க்கும் இடத்துக்குப் போய்வரலாம். வீட்டுக்காரம்மா விதிகளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்துவிட்டு, பழுது பார்க்கும் இடம் என்ற வரியில் விரலை வைத்தார். "இப்ப மட்டும் வேற எங்க போகுதாம்? கையெழுத்து எங்க போடணும்னு பாருங்க."