எந்தப் பயிருக்குப் பூச்சி மருந்து?

வாடா பேராண்டி. மூஞ்சி ஏன் தொங்குது? உரக்கடையில போய் "பூச்சி மருந்து குடு"ன்னியாமே. அந்த ஆளு "எந்தப் பயிருக்கு, மல்லாட்டைக்கா கத்தரிக்கா"ன்னு கேட்டானாம், நீ "நாய்க்குட்டிக்கு"ன்னியாம். டீக்கடை பெஞ்சுல நேத்திலேர்ந்து இதே பேச்சுதான். அவன் கேட்டானே, அதுக்கு ஒரு கும்பிடு போடு. கேக்காம ஒரு டப்பாவை எடுத்து நீட்டியிருந்தா உன் மணி இந்நேரம் ஏரிக்கரையில மண்ணுக்குள்ள படுத்திருப்பான்.

உன்னைச் சொல்லியும் குத்தமில்ல. நம்ம வாய்க்கு எல்லாமே பூச்சிதான். செடியைத் தின்னாலும் பூச்சி, வயித்துல இருந்தாலும் பூச்சி. டாக்டருங்கதான் குடற்புழுன்னு தனியா பேர் வெச்சிருக்காங்க. இனிமே அந்தப் பேரைச் சொல்லிக் கேளு, நாலு பேரு முன்னால மானம் போவாது.

இதுல இன்னொரு கூத்து. நம்ம தொண்டூர்ப் பாறையில சமணச் சாமியாருங்க படுத்த கல்படுக்கை இருக்கு, பிராமி எழுத்து வெட்டியிருக்கு. பாத்திருக்கியா? எங்க பாத்திருப்பே, உனக்குச் செஞ்சிக் கோட்டையில நின்னு செல்ஃபி எடுக்கவே நேரம் பத்தல. 2025ல யுனெஸ்கோக்காரங்க வேற அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துட்டாங்க, கேக்கணுமா! எறும்பு மிதிபடக் கூடாதுன்னு மயில்பீலியால கூட்டிக் கூட்டி நடந்தவங்க படுத்த ஊருடா இது. அவங்க பாறைக்குக் கீழ உக்காந்துகினு ஒரு புழுக் கூட்டத்தையே அழிக்க நீயும் நானும் திட்டம் போடறோம். மேல்சித்தாமூர் சமண மடத்துப் பக்கம் போனா வாயைத் தொறந்துடாதே.

குட்டிக்கு வயசு என்னா, முப்பது நாளா? "கொழுகொழுன்னு இருக்கான் தாத்தா"ன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சுகினு திரிஞ்சியே, அது கொழுப்பு இல்லடா, குடித்தனம். கை காலு குச்சி, வயிறு மட்டும் பானைன்னா உள்ள உருளைப்புழு வாடகை குடுக்காம இருக்குதுன்னு அர்த்தம். "நான் வெளிய விடவே இல்லையே"ம்பே. அது வெளியேர்ந்து வரல, ஆத்தா குடுத்த சீதனம். தாய் உடம்புல தூங்கிகினு இருக்கிற புழுக்குஞ்சு, ஆத்தா சினையானா முழிச்சுகினு வயித்துக் குட்டிக்குள்ளயே போயிடும். கொக்கிப்புழு பால்ல வரும். அது ரத்தம் குடிக்கிற ஜாதி. உதட்டைத் தூக்கி ஈறைப் பாரு. வெளுத்துக் கெடந்தா நீயா மருந்து ஊத்தாதே, அன்னைக்கே டாக்டருகிட்ட தூக்கிகினு ஓடு.

அதனாலதான் 2 வாரத்துலயே புழு மருந்தை ஆரம்பிக்கச் சொல்றாங்க. 2, 4, 6, 8 வாரம், அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவை, பெருசானா மூணு மாசத்துக்கு ஒண்ணு. ஏன் இத்தனை தடவைன்னா, மருந்து குடல்ல இருக்கறதைத்தான் சாவடிக்கும். நுரையீரல்ல ஊர் சுத்திகினு இருக்கறது அப்புறமா வந்து எறங்கும். தாய்க்கும் கூடவே குடுக்கணும், இல்லன்னா ஓட்டைக் கொடத்துல தண்ணி மொண்ட கதைதான்.

இப்ப அந்த ஜோபியைக் காட்டு. ஹா, நெனச்சேன்! உன் தங்கச்சி பள்ளிக்கூட மாத்திரை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10னு வருசத்துக்கு ரெண்டு தரம் பசங்களுக்குக் குடுக்கறாங்களே, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். டீச்சரம்மா கண்ணுல மண்ணைத் தூவி எப்படித்தான் கொண்டாந்தாளோ. அதை அவகிட்டயே முழுங்கச் சொல்லு. நாய்க்கு அது எலும்பு மஜ்ஜையில போய் ரத்த உற்பத்தியையே கெடுத்துடலாம்.

இந்தக் குப்பி இன்னாது? மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசி மருந்தா? நல்ல மருந்துதான், ஜப்பான்ல மண்ணுலேர்ந்து எடுத்தது, கண்டுபுடிச்சவங்களுக்கு 2015ல நோபல் குடுத்தாங்க. ஆனா கணக்குப் போடுடா, பன்னெண்டாவது படிச்சவனாச்சே. மாட்டுக்கு 50 கிலோவுக்கு 1 மில்லி. 2 கிலோ குட்டிக்கு அதே கணக்குல பாத்தாலும் ஒரு சொட்டுகூடத் தேறாது. நீ "சின்னக் குட்டி, ஒரு மில்லி போதும்"னு கையைச் சாய்ச்சா மாட்டு அளவுல 25 மடங்கு. கண்ணு பாப்பா விரிஞ்சி, எச்சி ஒழுகி, தள்ளாடி, சுருண்டு விழும். கோலி நாய் ஜாதிக்குக் கொஞ்சம் கூடினாலே ஆவாது.

நான் மட்டும் யோக்கியனா? அந்தக் காலத்துல எங்க செவலை நாய்க்குக் கொட்டைப்பாக்கை இடிச்சுக் குடுத்தேன். சும்மா சொல்லலடா, பாக்குல இருக்கற அரிகோலின்தான் ஒரு காலத்துல வெளிநாட்டுலயே நாய்க்கு நாடாப்புழு மருந்து. விஷம்னு தெரிஞ்சி அப்புறம் கைவிட்டாங்க. செவலை மூணு நாளு வாந்தி எடுத்துச்சு, நுரை தள்ளிச்சு. நாலாம் நாளு எழுந்து என்னைப் பாத்தது பாரு, உன் பாட்டிகூட அப்படிப் பாத்ததில்ல. நம்ம வீட்டுப் பூண்டும் அப்படித்தான், நாய் ரத்தத்துக்கு ஆவாது.

எதைக் குடுக்கறது? குட்டிக்குப் பைரன்டல் மருந்து, தண்ணியா வரும், ரெண்டு வாரக் குட்டியும் பால் குடுக்கற தாயும் தாங்கும். ஃபென்பெண்டசோல்னா மூணு நாளு தொடர்ந்து, கிலோவுக்கு 50 மில்லிகிராம். பிட்டத்துல அரிசி மாதிரி ஒட்டிகினு இருந்தா அது நாடாப்புழு, அதுக்குப் பிராசிகுவாண்டல், ஆனா நாலு வாரம் ஆவாத குட்டிக்கு வேணாம். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காம மாத்திரை மட்டும் குடுத்தியோ, தெள்ளைக் கடிச்சு முழுங்கற நாய்க்கு மறுபடியும் நாடா வந்து நிக்கும். எதைக் குடுத்தாலும் கால்நடை மருந்தகத்துல ஒரு வார்த்தை கேட்டுகினு குடு. வாந்தி, பேதியில கெடக்கற குட்டிக்கு மட்டும் மருந்துன்னு ஒண்ணும் ஊத்தாதே.

அதுங்கூட இருக்கட்டும், மணியோட கழிவை வாரிக் குழியில போடு. முட்டை மண்ணுல வருசக்கணக்கா கெடக்கும், உன் தங்கச்சி வாய்க்குப் போனா கண்ணுக்கே ஆபத்து.

இன்னும் முக்கியமானதை விட்டுட்டேன். எடை எவ்வளவு? "அஞ்சு கிலோ இருக்கும் தாத்தா"வா? கண்ணுல தராசு வெச்சிருக்கியா நீ? அந்த மல்லாட்டை மூட்டை எடை போடற தராசைத் தள்ளு. சாக்கை விரி, குட்டியை வை. ஏய், கையை எடுடா, உன் கையும் எடை! ம்ம், 2 கிலோ 300. சாக்கைத் தனியா வெச்சுப் பாரு, அதைக் கழி. அட ராமா, தராசுலயே மூத்திரம் போயிட்டான். அதையும் கழிச்சுக்க.