கூடிய 200 வெள்ளி

கேள்வி: குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆகிவிட்டதே, லாபம் யாருக்கு?
– வாசகர், ரவாங்

பதில்: கூடிய 200-இல் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் தொழிலாளி கையில் 178. தன் பங்கு 13 விழுக்காட்டையும் சேர்த்தால் முதலாளிக்குச் செலவு 226. ஒருவர் ‘இவ்வளவுதானா?’ என்பார், மற்றவர் ‘இவ்வளவா!’ என்பார். இடையிலுள்ள 48 வெள்ளி, வயதான காலத்துக்கு.

ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னக் கடைகளுக்கு 2025 ஆகஸ்ட் வரை அவகாசம் இருந்தது; மற்றவர்களுக்கு அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அமலுக்கு வந்துவிட்டது. ஆள் குறைப்பதா, தே தாரேக் விலையை ஏற்றுவதா என்பது கடைக்காரர் கவலை. நம் கவலை சம்பளச் சீட்டு: 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். ஓவர்டைமையும் அலவன்ஸையும் கூட்டி அந்தக் கணக்கைக் காட்டினால், தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள்.