மீனால் வந்த வினை

1660-ல் லண்டனில் பன்னிரண்டு பேர் கூடித் தொடங்கிய சங்கம் ராயல் சொசைட்டி. யார் சொன்னாலும் நம்பாதே, செய்து பார் என்பது கொள்கை. செய்தும் பார்த்தார்கள். 1667-ல் ஆர்தர் கோகா என்பவருக்கு 20 ஷில்லிங் கொடுத்து ஆட்டு ரத்தத்தை ஏற்றினார்கள். அது ஏன் ஆடு என்று கேட்டதற்கு, இயேசுவே தேவ ஆட்டுக்குட்டிதானே என்று லத்தீனில் பதில் சொன்னார் அந்தப் புண்ணியவான். பிழைத்தும் கொண்டார்.

புரவலர், மன்னர் இரண்டாம் சார்லஸ். பட்டயம் கொடுத்தார், செங்கோல் கொடுத்தார், பணத்தை மட்டும் கண்ணில் காட்டவில்லை. உட்கார்ந்து காற்றை எடை போடுகிறார்களாமே என்று வயிறு குலுங்கச் சிரித்ததோடு சரி. 1676-ல் ஷாட்வெல் ஒரு நாடகமே போட்டுவிட்டார். அதில் வரும் விஞ்ஞானி மேசைமேல் குப்புறப் படுத்து நீச்சல் பழகுவார். தண்ணீரில் இறங்கும் உத்தேசமெல்லாம் கிடையாது. அதைப் பார்க்கப் போன சங்கத்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக், எல்லாரும் தன்னையே பார்ப்பதாகப் பட்டுப் பொருமிக்கொண்டு வீடு திரும்பினார்.

இந்தச் சங்கம் 1686-ல் கைக்காசைப் போட்டு வில்லபியின் 'மீன்களின் வரலாறு' நூலை வெளியிட்டது. பக்கத்துக்குப் பக்கம் செப்புத்தகட்டுப் படங்கள். மீன் அழகாகத்தான் இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. கஜானா காலி. சரியாக அந்த நேரம் பார்த்து ஈர்ப்பு விதியைச் சொல்லும் நியூட்டனின் 'பிரின்கிபியா' நூலின் கையெழுத்துப் பிரதி வந்து நின்றது. அச்சிடுகிறோம் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போடச் செலவில்லையே!

அச்சுக்கூலி சங்கத்தின் குமாஸ்தா எட்மண்ட் ஹாலி தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு, ஈர்ப்பு விதி என் யோசனை என்று ஹூக் கொடி பிடிக்க, மூன்றாம் பாகமே கிடையாது என்று நியூட்டன் முறுக்கிக்கொண்டார். கெஞ்சிக் கூத்தாடி, பிழை திருத்தி, காசும் கட்டி 1687-ல் புத்தகத்தைக் கொண்டுவந்தார் ஹாலி. அதற்குச் சங்கம் செய்த மரியாதை: 50 பவுன் சம்பளத்துக்குப் பதிலாக விற்காத மீன் புத்தகம் 50 பிரதி.

உலகையே கட்டி இழுக்கும் விசைக்கு ஒரு பைசா பெயராதபோது கெளுத்திக்கும் விலாங்குக்கும் பணம் எப்படி வந்தது? மீனைப் படம் போட்டுக் காட்டலாம், ஈர்ப்பு விசையைக் காட்ட முடியாது, அவ்வளவுதான். நன்கொடையாளர்கள் இன்றும் படம் பார்த்துத்தான் காசோலையில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நியூட்டனுக்கு ஒரு காசு தராத அதே சங்கம் 1703-ல் அவரையே தலைவராக்கியது. 1727-ல் சாகும்வரை மனிதர் நாற்காலியை விடவில்லை. 24 வருஷம் வட்டியோடு வசூலித்துக்கொண்டார்.