நகப்புணரியல்: ஒட்டுநகம் பெயராமைக்கான நூற்பாவும் உரையும்

பாயிரம்

எழுத்தும் எழுத்தும் சேருமிடத்தில் எது தோன்றும், எது திரியும், எது கெடும் என்று தொல்காப்பியர் காலந்தொட்டு விதி வகுத்த தமிழில், நகமும் அக்ரிலிக்கும் சேருமிடத்துக்கு ஒரு விதியும் இல்லை. விளைவு: கல்யாண வரவேற்புக்கு வைத்த நகம் மறுவீட்டு விருந்து முடிவதற்குள் அடியோரம் பெயர்ந்து நிற்கிறது. தலையைக் கோதும்போது ஒற்றை முடி நகத்தடியில் சிக்கி வெடுக்கென்று இழுத்தால், அது நோயின் முதற்குறி. பார்லர் வழக்கில் இதற்கு ‘லிஃப்டிங்’ என்று பெயர்.

பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்வது மரபு. இடம் போதாமையால் இங்கே நான்கு.

ஆக்கியோன்: தம் நகத்தைப் பல்லால் கடித்தே சீர்செய்துகொள்பவர். ஆதலின் எந்தப் பார்லருக்கும் சார்பாக எழுதினார் என்ற ஐயத்துக்கு இடமில்லை.

வழி: பல்லிலிருந்து நகத்துக்கு வந்த வழிநூல் இது. 1954இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஃபிரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், உடைந்த தம் நகத்தைப் பல் கட்டும் அக்ரிலிக்கையும் அலுமினியத் தாளையும் கொண்டு சரிசெய்துகொண்டார் என்பது இத்தொழிலார் சொல்லும் தோற்றக் கதை. 1975இல் கலிபோர்னியாவில் தங்கியிருந்த வியட்நாம் அகதிப் பெண்கள் இருபது பேருக்கு, நடிகை டிப்பி ஹெட்ரன் தமக்கு நக ஒப்பனை செய்பவரைக் கொண்டு தொழில் கற்பித்தார். அமெரிக்க நகத்தொழிலில் வியட்நாமியர் கை ஓங்கியது அதன்பின்.

எல்லை: வடக்கே நகநுனி, தெற்கே நகத்தடித் தோலாகிய க்யூட்டிகிள், இருபுறமும் சதை. இடக்கை நகங்களை 1952 முதல் வளர்த்து, 2018இல் வெட்டியபோது மொத்தம் 909.6 செ.மீ. காட்டிய புனேயின் ஸ்ரீதர் சில்லால் இவ்வெல்லைக்குள் வாரார். அவர் நகம் ஒருமொழி. வருமொழி இன்மையின் புணர்ச்சியும் இல்லை, பெயர்ச்சியும் இல்லை.

பயன்: துப்பட்டா நூல் இழுபடாமை.

நூற்பா 1

நிலைநகம் முன்னர் வருநகம் புணர்வழி
இடைநிற் பவையே பெயர்ப்பன என்ப.

இந்நூற்பா என்ன சொல்கிறதோ எனின், நகம் பெயர்வதற்கான தலைமைக் காரணம் சொல்கிறது. நிலைநகம் என்பது பிறவியில் வந்தது. வருநகம் என்பது காசு கொடுத்து வந்தது. அது எத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தில் பிரஷ்ஷை நனைத்து, தூளில் தொட்டு எடுக்கும் சிறு உருண்டை. தூளிலுள்ள பென்சாயில் பெராக்சைடு வேதிவினையைத் தொடங்கிவைக்க, உருண்டை சில நிமிடங்களில் இறுகிக் கெட்டியாகிறது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று நின்றால், வருநகம் அதைத்தான் பற்றும். அது போகும்போது தானும் போகும். ‘நல்ல பசை போடுங்கள்’ என்று கேட்பவர் இந்நூற்பாவை ஓதாதவர்.

நூற்பா 2

எண்ணெயும் ஈரமும் இறந்தமென் தோலும்
நண்ணிய நகத்தொடு நட்பில என்ப.

இடைநிற்பவை எவை எனின், இம்மூன்றும். இவற்றுள் கொடியது இறந்த தோல். நகம் வளரும்போது அடியிலிருந்து அதன் மேல் ஒட்டிக்கொண்டே வரும் கண்ணாடி போன்ற படலம் அது. கண்ணுக்குத் தெரியாமையின் இல்லை என்று எண்ணி அதன் மேலேயே அக்ரிலிக் வைப்பார் உளர். புஷரால் மெல்லத் தள்ளிச் சுரண்டி எடுத்தல் வேண்டும். பின்னர் 180 கிரிட் ஃபைலால் மினுமினுப்பு மட்டும் போகத் தேய்த்தல் வேண்டும். எண் குறையக் குறைய ஃபைல் முரடாகும். ‘சொரசொரப்பாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும்’ என்று 80 கிரிட்டால் அராவினால் நிலைநகம் மெலிந்து வளையும். அது வளையும்போதெல்லாம் வளையாத வருநகம் விட்டுப் பிரியும்.

ஈரம் என்றதனால், கையை வெந்நீரில் ஊறவைத்து மெனிக்யூர் செய்த கையோடு அக்ரிலிக் வைப்பதும் விலக்கப்பட்டது. நகம் நீரை உறிஞ்சி விரியும். உலரும்போது சுருங்கும். மேலே இறுகிய அக்ரிலிக் அதற்கேற்பச் சுருங்காது.

எண்ணெய் என்றதனால், வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் முடித்து நேரே நாற்காலியில் அமர்வது கூடாது. ஈரம் போக்கும் டீஹைட்ரேட்டர் பூசி, பிடிப்புக்குப் பிரைமரும் ஒரு துளி தொட்டு, எல்லாம் ஆயத்தமான பின், ‘ஒரு நிமிஷம்’ என்று தேங்காய் எண்ணெய்த் தலையைக் கோதிக்கொள்ளும் வாடிக்கையாளர், அதுவரை செய்த பணி முழுவதையும் ஒரே அசைவில் கெடுக்கிறார். இதனைக் ‘கெடுதல் விகாரம்’ என்க.

நூற்பா 3

நீர்மிகின் நெகிழும் தூள்மிகின் உதிரும்
ஓரம் தீண்டின் உரிந்துபோம் நகமே.

உருண்டையில் திரவம் மிகுந்தால் அது வழிந்து தோலேறும். தூள் மிகுந்தால் நகத்தில் படியாமல் நொறுங்கும். தோலேறிய அக்ரிலிக்குக்கு அங்கே பிடிப்பில்லை. தோல் அசையுந்தோறும் ஓரம் கிளம்பும். ஆகவே க்யூட்டிகிளுக்கு முன் மயிரிழை இடைவெளி விடுக. இது அழகு கருதிய விதி மட்டும் அன்று. இறுகாத திரவம் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்தால், பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் போகாது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2012ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அக்ரிலேட்டுகளைத்தான் அறிவித்தது.

இனி, பிறர் மதம் மறுத்தல். ‘மெத்தில் மெத்தாக்ரிலேட் மலிவு, அது பெயரவே பெயராது’ என்பார் ஒரு சாரார். மெய்தான். ஆனால் எங்கேனும் இடித்துக்கொண்டால் அது நிலைநகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். முழுக்க இத்திரவத்தாலான நகப் பொருள்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1970களிலேயே சந்தையிலிருந்து அகற்றியது. பெயராமை வேறு, பிடுங்காமல் விடாமை வேறு என்று உணர்க.

நூற்பா 4

நெம்பினும் சுரண்டினும் நீளம் மிகினும்
தம்பிடி தளர்ந்து தனித்தெழும் என்ப.

நுனி நீள நீள, அங்கே கொடுக்கும் சிறு அழுத்தமும் அடியில் பெருகி நிற்கும். கோலி சோடா காலத்துக்கு அச்சமில்லை. சோடா டின் வளையத்தை நகத்தால் தூக்கும் இக்காலத்துக்கு உண்டு. புது எவர்சில்வர் பாத்திரத்தின் ஸ்டிக்கரை நகத்தால் உரிப்பதும் இதன்பாற்படும். பாத்திரம் துலக்குவார் ரப்பர் கையுறை அணிக.

அற்றேல், நீண்ட வண்ண நகங்களுக்குப் பேர்பெற்ற ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988இல் 100 மீட்டரை 10.49 விநாடியில் ஓடினாரே எனின், அற்றன்று. ஓட்டத்தில் எதையும் நெம்புவதில்லை. அவரும் ஓடிக்கொண்டே சோடா டின் திறந்தவர் அல்லர்.

புறனடை

நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளர்வது. எனவே இரண்டு வாரத்தில் அடியில் தெரியும் இடைவெளி வளர்ச்சியே, பெயர்ச்சி அன்று. இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவ்விடைவெளியை நிரப்பும் ரீஃபில் செய்க. மெய்யாகவே பெயர்ந்துவிட்டால், இடுக்கில் பசை ஊற்றி அழுத்துவது பெருங்குற்றம். உள்ளே அடைபட்ட ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறி நகத்தைப் பச்சையாக்கும். பச்சை கண்டால் முழுதும் அகற்றி மருத்துவரிடம் காட்டுக. இழுத்துப் பிய்க்கற்க. அசிட்டோனில் ஊறவைத்தே எடுக்க.

இங்கே சொல்லாது விட்டவற்றை வழக்கறிந்த பார்லர் அக்காவிடம் கேட்டுக் கொள்க. அவர் சொல்வதும் இந்நூல் சொல்வதும் முரண்பட்டால், டிரில் மெஷின் அவர் கையிலும் விரல் உங்களிடமும் இருப்பது கருதி, அமர்ந்திருக்கும் வரை அவர் கூற்றையே கொள்க.