எல்லாருக்கும் ஏர்பஸ், எங்களுக்கு ஆவ்ரோ

மனிதன் ஆதிகாலம் தொட்டே பறக்க ஆசைப்பட்டான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது பாதி உண்மை. விழுந்து கைகால் போகாமல், நாற்காலியில் சாய்ந்தபடி, பக்கத்தில் டீ டம்ளரோடு பறக்க ஆசைப்பட்டான் என்பது மீதிப் பாதி. எங்கள் ஆவடி கோவில்பதாகையில் ஜாய்ஸ்டிக்கும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஃபிளைட் சிமுலேட்டர் பிள்ளைகள் இந்த இரண்டாவது பரம்பரை.

முதல் பரம்பரையிலும் சென்னைக்கு ஆள் உண்டு. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், கார்சிகாக்காரர். 1909-இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து தாண்டிய செய்தி இங்கே வந்தது. ஓட்டல்காரருக்கு அதில் என்ன வேலை? சூப்பில் உப்பு சரியா என்று பார்க்க வேண்டியதுதானே? இவரோ சிம்ப்சன் கம்பெனியைப் பிடித்து ஒரு விமானம் கட்டிவிட்டார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்து, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் ஊரைக் கூட்டிப் பறந்தும் காட்டினார். வேண்டிய விமானம் கடையில் கிடைக்காவிட்டால் நாமே செய்துகொள்வோம் என்று கிளம்பிய முதல் மதராஸ்வாசி அவர். சிமுலேட்டரில் இல்லாத விமானத்தைத் தனியே செய்து சேர்க்கும் ஆட்-ஆன் குலத்துக்கு மூலபுருஷர் வேண்டுமென்றால் அவரையே வைத்துக்கொள்ளலாம்.

அதே காலத்தில் பிரான்சில் ஆன்டோனெட் கம்பெனி பாதிப் பீப்பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலே மாணவரை உட்கார வைத்தது. சுற்றி நிற்கும் ஆட்கள் பிடித்து ஆட்டுவார்கள். உட்கார்ந்திருப்பவர் சமாளிக்க வேண்டும். உலகின் ஆரம்பகால சிமுலேட்டர் இதுதான். ஃபிரேம் ரேட் ஆட்டுபவரின் புஜபலத்தைப் பொறுத்தது.

அடுத்து வந்தவர் எட் லிங்க். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் அவருடைய அப்பாவுக்கு ஆர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலை. மகன் ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளைக் கொண்டு, 1929-இல் விமானம் போலச் சாய்ந்தாடும் பெட்டி ஒன்றைச் செய்தார். ராணுவம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொருட்காட்சி நடத்துகிறவர்கள்தான் காசு போட்டால் ஆடும் குதிரைக்குப் பக்கத்தில் வைக்க வாங்கிப் போனார்கள். 1934-இல் ராணுவம் தபால் சுமக்கப் போய், மோசமான வானிலையில் 12 பேரைப் பறிகொடுத்த பிறகுதான் ஆறு பெட்டிக்கு ஆர்டர் வந்தது. அரசாங்கங்கள் எந்த நாட்டிலும் ஒரே வேகத்தில்தான் யோசிக்கின்றன.

பெட்டியைக் கணினிக்குள் நுழைத்தவர் புரூஸ் ஆர்ட்விக். 1982-இல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் வெளிவந்தது. தொடங்கினால் சிகாகோ ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்டு ரன்வேயில் நிற்பீர்கள். இருபது வருஷம் உலகமே அங்கே மோதிப் பழகியது. 2003 மார்ச் 30 நள்ளிரவில் சிகாகோ மேயர் டேலி புல்டோசர்களை அனுப்பி, அசல் ரன்வேயில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளைத் தோண்டிவிட்டார். சிகாகோ எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத நம்மூர்ப் பையன்களெல்லாம் துக்கம் காத்தார்கள்.

துக்கம் சீக்கிரம் ஆறிவிட்டது. ஆறாதது ஆசை. 2006-இல் வந்த பதிப்பில் 747, 737, ஏ321 மூன்றும் பெட்டியிலேயே இருந்தன. போதுமா? "ஓவர்ஹெட் பேனலில் பாதி சுவிட்ச் வேலை செய்யலை" என்று மூக்கைச் சிந்தினார்கள். 2020-இல் புது சிமுலேட்டர் வந்ததும் நல்ல 737 வேண்டும், நல்ல ஏ320 வேண்டும் என்று நச்சரித்தார்கள். 2022 மே மாதம் இரண்டுமே ஆட்-ஆனாக வந்தன. உடனே 777 எங்கே என்றார்கள். 2024-இல் அதுவும் வந்தது. ஏ350 எங்கே? 2025-இல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் அழுதுவிட்டு, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம் ஆட்டோபைலட்டை வெறித்துக்கொண்டிருப்பார்கள்.

"டேய், போய் ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வாடா."

"எப்படிம்மா? முப்பத்தஞ்சாயிரம் அடியில இருக்கேன்."

இத்தனை விருப்பப் பட்டியலிலும் ஒருவன்கூட ஆவ்ரோ கேட்டதை நான் பார்க்கவில்லை. இந்தியா வரிசையாகக் கட்டி, டிக்கெட் விற்று, பயணிகளை ஏற்றிய பெரிய விமானம் அது ஒன்றுதான். அதற்கு விதை போட்டதே எங்கள் ஆவடி என்பேன். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கேதான் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அரசாங்கமே எல்லாவற்றையும் செய்யும் என்று ஆனபின் விமானம் மட்டும் பாக்கியா? நாம் ஆவ்ரோ என்று கூப்பிடும் பிரிட்டனின் ஹெச்.எஸ்.748 விமானத்துக்கு உரிமம் வாங்கி, கான்பூரில் கட்டினார்கள். முதலாவது 1961 நவம்பர் 1-ஆம் தேதி பறந்தது. மொத்தம் 89. ஆவடிக்கு டாங்க் ஃபேக்டரி, கான்பூருக்கு ஆவ்ரோ. பாகப்பிரிவினையில் எங்களுக்குக் கிடைத்தது தரையிலேயே ஓடுகிற சாமான்.

பழைய டகோட்டா விமானத்துக்கு மாற்று என்று வந்தது ஆவ்ரோ. டகோட்டாவோ போகிற மாதிரி போய் உட்கார்ந்து கொண்டேயிருந்தது. ஆவ்ரோவின் இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின்களும் வீலென்று கத்தும் கத்தலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோவில் போன மாமாக்கள் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் கொடுத்த கதையை, சாப்பாட்டு இலை எடுக்கும்வரை சொல்வார்கள்.

பழைய சிமுலேட்டர்களுக்கு பிரிட்டன் ரசிகர்கள் அந்த 748-ஐ இலவசமாகவே செய்து கொடுத்தார்கள். வெள்ளைக்காரனுக்கு இருந்த பாசம் நமக்கு இல்லை. 2020 சிமுலேட்டரில் மெல்போர்ன் புறநகரில் 212 மாடிக் கட்டடம் ஒன்று ஊசி மாதிரி நின்றது. யாரோ வரைபடத்தில் 2 என்று அடிக்க வேண்டியதை 212 என்று அடித்த கைங்கரியம். இல்லாத மாடியெல்லாம் முளைக்கும் உலகத்தில், 89 தடவை இருந்த விமானத்துக்கு இடமில்லையா?

ஆவடியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். டாங்க் ஆராய்ச்சிக்கென்று இங்கே இருக்கும் சி.வி.ஆர்.டி.இ.தான் தபஸ் ஆளில்லா விமானத்துக்கு மடங்கும் சக்கரங்களைச் செய்தது. எங்கள் ஊர்க்காரர்களும் காலை மடக்கத் தெரிந்தவர்கள்தான்.

விமானப்படையிலும் ஆவ்ரோவுக்கு விடை கொடுக்கத் தொடங்கியாயிற்று. அதற்குப் பதிலாக 56 சி-295 விமானங்களுக்கு 2021-இல் ஒப்பந்தம் போட்டு, அவையும் வரத் தொடங்கிவிட்டன. ஆகவே சிமுலேட்டர் தம்பிகளே, அடுத்து எந்த விமானம் வேண்டும் என்று ஆட்-ஆன் கம்பெனி கேட்கும்போது, ஏழாவது ஏர்பஸ்ஸை விட்டுவிட்டு, இந்தியன் ஏர்லைன்ஸ் வண்ணப்பூச்சில், மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்குப் போகிற ஆவ்ரோவுக்கு ஓட்டுப் போடுங்கள். எஞ்சின் சத்தத்தை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் பாட்டி தூங்குகிறார்.