நூன்மரபு: பாஸ் மீனுக்குக் கோலும் ரீலும் நூலும் தேர்வது குறித்து ஒரு புணர்ச்சியிலக்கண ஆய்வு

தொல்காப்பியத்தின் முதல் இயலுக்கு நூன்மரபு என்று பெயர். அந்த இயல் தூண்டில் நூலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை இவ்வாய்வாளர் உரைகளைப் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். உரையாசிரியர்களும் கைவிட்ட அந்தப் பள்ளத்தைத் தூர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம், டெக்சாஸ் மாநிலத்தில் டல்லஸ் நகருக்குக் கிழக்கே இருக்கும் லேக் ஃபோர்க். ஏறத்தாழ 27,000 ஏக்கர் நீர்ப்பரப்பு. அணைகட்டித் தேக்கியபோது மரங்களை முழுதாக வெட்டாமல் விட்டதால் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. ஆய்வுக் காலம், கோவை சிங்காநல்லூரிலிருந்து மாமனார் விசிட்டர் விசாவில் வந்து தங்கிய ஆறு மாதம். ஆய்வு நிதி கடன் அட்டை வழி வந்தது. அது மனைவி அறிந்தது, மனைவி அறியாதது என இருவகைப்படும்.

முதலில் மீன். பாஸ் என்றதும் அலுவலகத்தில் நமக்கு மேலே இருப்பவர் நினைவுக்கு வந்தால் அது வாசகர் குற்றமன்று. இருவருக்கும் வாய் பெரிது என்பதற்கு மேல் எந்த உறவையும் இவ்வாய்வு நிறுவவில்லை. முழுப்பெயர் லார்ஜ்மவுத் பாஸ். பெயரில்தான் பாஸ், பிறப்பில் சன்ஃபிஷ் குடும்பம். மைக்ராப்டெரஸ் என்ற பேரினப் பெயருக்குச் சிறுதுடுப்பு என்று பொருள். 1802இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லசெபேத் அந்தப் பெயரை வைத்தபோது, அவர் முன்னால் கிடந்த மீனின் முதுகுத்துடுப்பு பிய்ந்திருந்தது. பிய்ந்த துண்டைத் தனித் துடுப்பு என்று எடுத்துக்கொண்டு பெயர் சூட்டிவிட்டார். இத்துறையின் முதல் ஆய்வே கிழிந்த துடுப்பின்மேல் எழுந்தது என்பது பின்னால் வருகிற எங்களுக்குப் பெரிய தெம்பு.

இனி ரீல். ஆய்வாளர் முன்வைக்கும் கருதுகோள் இது: நேரம் காட்டும் கருவியைச் செய்தவர்களே நேரம் போவது தெரியாமலிருக்கும் கருவியையும் செய்தார்கள். சான்றுகள் வேண்டிய மட்டும் உள்ளன. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும் ரீலை அமெரிக்காவில் முதலில் செய்தவராகச் சொல்லப்படும் ஜார்ஜ் ஸ்னைடர், கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் ஊரில் கடிகாரக்காரர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அவருக்குப் பின் அதே மாநிலத்தில் ரீலுக்குப் பேர்போன மீக் சகோதரர்களும் கடிகாரக்காரர்களே. ஸ்வீடனில் 1921இல் தொடங்கிய ஆபு நிறுவனத்தின் பெயரைப் பிரித்தால் கடிகாரத் தொழிற்சாலை என்று வருகிறது. அவர்கள் டாக்சி மீட்டர் செய்துகொண்டிருந்தவர்கள். உலகப்போரில் பெட்ரோல் இல்லாமல் டாக்சி நின்றது, மீட்டரும் நின்றது, ரீலுக்கு வந்தார்கள். மீட்டருக்கும் தூண்டிலுக்கும் உள்ள உறவைச் சென்னையில் ஆட்டோ ஏறியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டெக்சாஸ்காரர் ஆர். டி. ஹல், அவரும் கடிகாரம் பழுதுபார்த்தவர்தான், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர் அசையாத கண்டிலிருந்து சணலை உருவி எடுப்பதைப் பார்த்து மூடி போட்ட ரீல் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதை 1949இல் செய்து விற்றது ஓக்லஹாமாவின் ஜீரோ ஹவர் பாம் கம்பெனி. எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரக்குண்டு செய்தவர்கள். அங்கேயும் கடிகாரம்.

கருதுகோளை இந்த இடத்தில் முடித்திருந்தால் ஆய்வாளருக்குப் பட்டமே கிடைத்திருக்கும். கடைக்கு மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனதுதான் பிழை. முப்பத்தெட்டு வருஷம் நூற்பாலையில் ரிங் ஃபிரேமும் வைண்டிங்கும் பார்த்தவர். ஸ்பின்னிங் ரீலைக் கையில் எடுத்து, கம்பி வளையத்தை ஒருமுறை திறந்து மூடினார்.

"இதென்னுங்க மாப்பிள்ளை, நம்ம மில்லு பாபினாட்டமே இருக்குது? பாபின் நிக்கோணும், நூல் தலைவழியா உருவோணும். இதைப் போயி முந்நூறு டாலருங்கறாங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. நிலைத்த உருளை ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்ற இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நூற்பாலைக் குடும்பத்தவர். கடிகாரக் கோட்பாடு அன்றிரவே பாதி சரிந்தது.

மீதிப் பாதியைப் பெய்ட்காஸ்டர் சரித்தது. அது கடிகாரக்காரர் மரபு: நூல் போகும்போது உருளையும் சேர்ந்து சுழலும். வீசிய தூண்டில் காற்றில் வேகம் குறையும். உருளைக்கு அந்தச் செய்தி எட்டாது. அது தன்பாட்டுக்குச் சுழன்று, போக இடமில்லாத நூலையெல்லாம் தன்மேலேயே குவித்துக்கொள்ளும். அமெரிக்கர்கள் இதைக் குருவிக்கூடு என்கிறார்கள். காந்த பிரேக், மையவிலக்கு பிரேக் எல்லாம் வைத்திருந்தாலும் கடைசி பிரேக் கட்டைவிரல்தான். அந்த விரல் பழகுவதற்குள் ஒரு தூக்கணாங்குருவிக் காலனியே கட்டிவிடலாம். பழகிவிட்டால் நினைத்த மரத்தடியில் தூண்டிலை வைக்கலாம், தடித்த நூலும் தாங்கும் என்பதால் பாஸ் பித்தர்கள் இதை விடுவதில்லை. கியர் விகிதம் என்று 5, 6, 7, 8 எண்கள் போட்டிருப்பார்கள். கைப்பிடி ஒரு சுற்று சுற்ற உருளை அத்தனை சுற்று. மெல்ல இழுக்க வேண்டிய கிராங்க்பெய்ட் என்னும் செயற்கை இரைக்கு 5, ரப்பர் புழுவுக்கு 7. மேற்கொண்டு இதில் ஆராய ஒன்றுமில்லை.

கோலியல் சிறியது. கோலுக்கு இரண்டு குணம். பவர் என்பது அதை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது அது எங்கே வளைகிறது என்பது. நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட். இடுப்பிலிருந்தே வளைந்தால் மாடரேட். செடிக்குள் ஒற்றை முள்ளோடு புழுவை விடுகிறவர் மீன் கவ்விய கணத்தில் வெட்டி இழுக்க வேண்டும், அவருக்கு ஃபாஸ்ட். மும்முள் தொங்கும் கிராங்க்பெய்ட்டை வெட்டி இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும், அதற்கு மாடரேட். அமெரிக்கப் பிளவு மூங்கில் கோல்களின் முதல் தலைமுறை, கல்கத்தா மூங்கில் என்று பெயர் வாங்கிய நம் நாட்டு மூங்கிலில் செய்யப்பட்டது. பிறகு சீனத்து டோங்கின் மூங்கில் அதைத் தள்ளிற்று. 1940களில் கண்ணாடியிழை, 1970களில் கிராஃபைட். இவ்வளவு தெரிந்த ஆய்வாளரிடம் இன்று ஒன்பது கோல்கள் உள்ளன. கார் ஷெட்டில் சாத்தி வைத்திருந்ததைப் பார்த்து மனைவி கேட்டது ஒரே கேள்வி: "பந்தல் போடப் போறீங்களா?"

நூலியலுக்கு வருவோம். ஆய்வின் உயிர் இங்கேதான்.

தூண்டில் நூல் மூவகைப்படும். பின்னல் நூல் வல்லினம்: பாலிஎத்திலீன் இழைகளைச் சேர்த்துப் பின்னியது, துளியும் நீளாது, மிதக்கும், செடித் தண்டை அறுத்துக்கொண்டு வரும். நைலான் மெல்லினம்: நம் கடற்கரையில் தங்கூஸ் என்று சொல்கிறோமே, அது. இழுத்தால் ரப்பர் போல நீளும், முடிச்சு சமர்த்தாக உட்காரும், ஆனால் ரீலில் சுருண்டு கிடந்த நினைவு மறக்காது. வெளியே வந்த பிறகும் சுருண்டே நிற்கும். ஃபுளோரோகார்பன் இடையினம்: பார்வைக்கு நைலான், குணத்தில் வேறு. தண்ணீரில் மூழ்கும். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீரை ஒட்டி நிற்பதால் மீன் கண்ணுக்கு எளிதில் படாது. முடிச்சை எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். உலர இறுக்கினால் உரசிய சூட்டிலேயே நூல் பலமிழக்கும்.

வல்லினம் மிகும் இடங்கள்: அல்லி இலைப் பரப்பு, ஹைட்ரில்லா பாசி, ரப்பர் தவளை. மிகா இடம்: தெளிந்த நீர். அங்கே பின்னல் நூலை நிலைமொழியாக ரீலில் சுற்றி, அதன் நுனியில் ஆறேழு அடி ஃபுளோரோகார்பனை வருமொழியாகச் சேர்க்க வேண்டும். இச்சேர்க்கையில் நேரும் விகாரங்களை நன்னூலார் முன்பே வகுத்து வைத்திருக்கிறார் என்பதே ஆய்வாளரின் தலையாய கண்டுபிடிப்பு. யாரும் போடாத முடிச்சு நடு நூலில் தானாக விழுவது தோன்றல். ஸ்பின்னிங் ரீலில் நாள்பட நூல் முறுக்கேறிப் போவது திரிதல். மூன்றாவதைக் களத்தில் காண்க.

களத்துக்கு முன் ஒரு குழப்பம் தீர்க்கப்பட வேண்டியிருந்தது. நூல் அடுக்கில் மெல்லிசாக ஒன்று எடுக்கச் சொன்னதற்கு மாமா 65 என்று போட்ட டப்பாவை எடுத்து வந்தார்.

"அறுபத்தஞ்சாம் கவுண்டுங்க மாப்பிள்ளை. வேட்டி நூலாட்டம் நைசா இருக்குமுங்க."

பருத்தி நூலின் கவுண்ட் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை நிற்கும் என்ற கணக்கு. எண் ஏற ஏற நூல் மெலியும். தூண்டில் நூலில் எண் என்பது எத்தனை பவுண்டு இழுத்தால் அறும் என்பது. எண் ஏற ஏற நூல் தடிக்கும். இரண்டிலும் பவுண்டு இருக்கிறது, இரண்டும் எதிரெதிராக நடக்கின்றன. இதைக் கடையில் நின்று கால்மணி நேரம் விளக்கியபின் மாமா டப்பாவைத் திறந்து நூலை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். "மெல்லிசாத்தானுங்களே இருக்குது?" என்றார். அதுவும் உண்மைதான். 65 பவுண்டு பின்னல் ஏறத்தாழ 16 பவுண்டு நைலானின் தடிமன்தான் இருக்கும். டப்பாவைத் திறந்துவிட்டதால் வாங்கியும் ஆயிற்று.

உரிமம் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனோம். மூன்றாவது வீச்சில் ஆய்வாளரின் பெய்ட்காஸ்டரில் கூடு கட்டியது. கத்தரியை எடுத்ததும் மாமா கையைப் பிடித்துத் தடுத்தார். மில்லில் நூலை வெட்டினால் அது கழிவுக் கணக்கில் ஏறும். நாற்பது நிமிடம் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஒரு நுனிகூட வெட்டாமல், இழை இழையாகப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். பிறகு தம் ஸ்பின்னிங் கோலில் வல்லினத்தையும் இடையினத்தையும் தாமே புணர்த்தினார். அறுந்த இழையைச் சேர்க்க மில்லில் போடும் நெசவு முடிச்சு. விரல் அசைந்தது தெரியவில்லை, முடிச்சு விழுந்திருந்தது. அரைமணியில் பாஸ் ஒன்று கவ்வியது. கோல் வளைந்தது. உடனே நிமிர்ந்தது. நிலைமொழி மட்டும் காற்றில் ஆட, வருமொழி புழுவோடு ஏரிக்குள் போய்விட்டது.

கெடுதல்.

"பஞ்சா இருந்தா நின்னிருக்குமுங்க" என்றார் மாமா. பாலிஎத்திலீன் வழுக்கும், பருத்தி முடிச்சு அதில் நிற்காது. இருபது முறை குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்டும் எஃப்ஜி முடிச்சை அன்று மாலையே கற்றுக்கொண்டார். மறுவாரம் அவர் பிடித்தது 17 அங்குலம். லேக் ஃபோர்க் விதிப்படி 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸைத் திருப்பி விட வேண்டும். விட்டோம். ஆய்வாளர் பிடித்தது இதுவரை இல்லை.

எதிர்ச்சான்றை அடுப்பில் போடுவது ஆய்வுலக வழக்கம்; இருந்தாலும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ்தான் இன்றுவரை உலகச் சாதனை. அவருக்கும் நண்பருக்கும் சேர்த்து ஒரே கோல்; மீனை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் குரிடா மனாபு பிடித்தது அதைவிட ஒரு அவுன்சுக்கும் குறைவாகவே கூடுதல். இரண்டு அவுன்ஸ் கூடினால்தான் முறியடிப்பு என்பது விதி என்பதால் இருவரும் சமம். இரண்டாவது, டெக்சாஸ் மாநிலச் சாதனை. 18.18 பவுண்டு, 1992 ஜனவரி, இதே லேக் ஃபோர்க். பிடித்தவர் அன்று போனது பாஸுக்கே அல்ல, கிராப்பி என்ற சின்ன மீனுக்கு.

எனவே புதிதாக வாங்குவோருக்கு ஆய்வாளரின் பரிந்துரை: ஏழடி ஸ்பின்னிங் கோல் ஒன்று, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். நடுத்தர ஸ்பின்னிங் ரீல். 15 பவுண்டு பின்னல் நூல், நுனியில் 8 பவுண்டு ஃபுளோரோகார்பன். மற்ற எட்டுக் கோலும் வேண்டியதில்லை. கேட்பவருக்குப் பாதி விலைக்குத் தருகிறேன்.

அந்த 65 பவுண்டு நூலை மாமா ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்துக்கொண்டார். சிங்காநல்லூர் வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல் அதில்தான் கட்டியிருக்கிறது. எஃப்ஜி முடிச்சு. நல்ல காய்ப்பாம்.